மூன்று நாள் எரிந்த தீ

வணக்கம் நேயர்களே.

இலங்கையின் உகந்தை முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டு வழியாக நடந்து போனவர்களுக்கு அந்த இரவுகள் தெரியும். திருவிழாவை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் பாதையைத் திறந்துவிடுவார்கள். குமண தேசியப் பூங்காவுக்குள் நுழைந்து, கும்புக்கன் ஓயா என்ற ஆற்றைக் கடந்து, யால காட்டுக்குள் நடக்க வேண்டும். பொழுது பட்டால் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிப் படுத்துக்கொள்வோம். நான் முதல் தடவை போனபோது, எங்களோடு வந்த வயதான சாமி ஒருவர் விறகை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னார்: "இந்தக் காட்டில குட்டை ஆக்கள் இருந்தவங்க மகன். நம்மட இடுப்பு உயரம்தான். நகம் மட்டும் கத்தி மாதிரி."

அவர் சொன்னது நிட்டேவோக்களின் கதை. 1886ல் ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி அதை எழுதி வைத்தார். இலங்கையின் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்களில் ஒருவர் வாயிலிருந்து கிளம்பி, கைமாறி அவரிடம் வந்த கதை அது. 1914ல் ஃபிரெடெரிக் லூயிஸ் என்பவரும் கேட்டு எழுதினார். இருவருக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று, நான்கு அடி உயரம். உடம்பில் ரோமம். வால் கிடையாது, இரண்டு காலில் நடப்பார்கள். மரத்திலும் குகையிலும் வாசம். கிடைத்த இரையை நகத்தால் கிழித்துத் தின்பார்கள். அவர்கள் பேச்சு பறவைகள் கீச்சிடுவது போல இருக்குமாம். வேடர்களில் சிலருக்கு அது கொஞ்சம் புரியுமாம்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். பேயின் பேச்சு புரிந்தது என்று யாரும் சொல்வதில்லை. மிருகத்துக்குப் பேச்சே இல்லை. புரிந்தது என்று சொல்கிற வேடர், அவர்களைத் தம்மைப் போல ஒரு கூட்டமாகத்தான் நினைத்திருக்கிறார்.

அப்புறம் முடிவு. இரண்டு கூட்டத்துக்கும் தீராத பகை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில், லேனம என்ற பகுதியின் வேடர்கள், மிச்சமிருந்த நிட்டேவோக்களை ஒரு குகைக்குள் விரட்டினார்கள். வாசலில் சுள்ளியைக் குவித்துத் தீ வைத்தார்கள். தீ மூன்று நாள் எரிந்தது. உள்ளே ஒருவரும் மிஞ்சவில்லை.

கரடியைப் பார்த்துக் கட்டிய கதை என்று சிலர் சொல்வார்கள். யால காட்டில் கரடி உண்டு, அதுவும் எழுந்து நிற்கும், நகமும் நீளம். ஆனால் கரடியைத் தினமும் பார்த்து வாழ்ந்த வேடருக்குக் கரடி தெரியாதா? 1945ல் உடற்கூற்றுப் பேராசிரியர் ஆஸ்மன் ஹில், இவர்கள் ஆதி மனித இனம் ஒன்றின் மிச்சமாக இருக்கலாம் என்று எழுதினார். அதற்கு ஆதாரமாக எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

சரி, வேறொரு தீவுக்குப் போவோம். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ். அங்கே லியாங் புவா குகையில், 2003ல், ஒரு மீட்டர் உயரமே இருந்த மனித இனத்தின் எலும்புகள் கிடைத்தன. அந்தத் தீவின் நாகே மக்களிடம் எபு கோகோ என்ற குட்டை மனிதர் கதை ஏற்கெனவே இருந்தது. அதிலும் ஊரார் குகைக்குள் தீ வைத்துத்தான் அவர்களை அழிக்கிறார்கள். எலும்புகள் குறைந்தது அறுபதாயிரம் ஆண்டுப் பழமையானவை, ஆகவே இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு மனமில்லை. என்னை உறுத்துவது அந்தத் தீதான். இரண்டு தீவிலும் கொன்றவர்களின் பிள்ளைகளே கதையைச் சொல்கிறார்கள். மறைக்காமல் சொல்கிறார்கள். வீரக் கதையாக அதை என்னால் கேட்க முடியவில்லை.

லேனம வேடர்களும் பிறகு அருகிப் போனார்கள். வள்ளியைப் பெற்ற குலம் என்று நாம் கும்பிடுகிற வேடர் குலம் அது. இப்போது அந்தக் காட்டில் குட்டை மனிதரும் இல்லை, அவர்களை எரித்தவர்களும் இல்லை. நடுவில் வருடத்துக்கு ஒரு முறை நாம் அரோகரா சொல்லிக்கொண்டு நடக்கிறோம்.

எந்தக் குகை சாமி என்று அன்று இரவே கேட்டேன். "தெரியா மகன். என்ட அப்பாவுக்கும் காட்டத் தெரியா" என்றார். விடியற்காலையில் மற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து நெருப்பில் ஊற்றினார். சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஒரு குடம் கொண்டுவரப் போனார்.