குறைமாதக் குழந்தைக்கு எந்த லிப்பிட்?

வணக்கம் நேயர்களே. ஒரு கிலோ எடையில் பிறந்த குழந்தையின் குடல் முழு அளவுப் பாலை ஏற்கப் பல நாட்கள் ஆகும். அதுவரை சிரை வழியே கொழுப்பும் போக வேண்டும். பால் போல வெள்ளையாக இருக்கும் அந்தக் கொழுப்புப் பால்மத்தைத்தான் லிப்பிட் என்கிறோம்.

இன்ட்ராலிப்பிட் என்ற தயாரிப்பு முழுக்கச் சோயா எண்ணெய். அதிலுள்ள தாவர ஸ்டீரால்கள் பித்த ஓட்டத்தைக் கெடுக்கும் என்பதால், வாரக்கணக்கில் ஏற்றும்போது ஈரலைப் பற்றிய கவலை வரும். ஸ்மாஃப்லிப்பிட்டில் 30 சதவீதம் சோயா, 30 நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, 25 ஆலிவ், 15 மீன் எண்ணெய். முழுக்க மீன் எண்ணெயான ஓமேகாவென், பித்தத் தேக்கம் வந்துவிட்ட குழந்தைக்கு உரியது. எடுத்த எடுப்பில் தருவதல்ல.

மீன் எண்ணெய் கலந்ததுதான் மேல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த சோதனைகளைத் திரட்டிப் பார்த்த 2019 காக்ரேன் தொகுப்பாய்வு, ஈரல் பாதிப்பிலோ இறப்பிலோ எந்த லிப்பிட்டுக்கும் தெளிவான மேன்மை காணவில்லை.

என் கவலையெல்லாம் அளவைப் பற்றித்தான். ஈரலுக்குப் பயந்து கொழுப்பை நாளுக்கு கிலோவுக்கு 1 கிராமாகக் குறைக்கும் வழக்கம் சோயா காலத்தில் வந்தது. உடலால் தானே தயாரிக்க முடியாத கொழுப்பமிலமான லினோலெயிக் அமிலம் சோயாவில் ஏறக்குறையப் பாதி. ஒரு கிராமே தேவையை ஈடுகட்டிவிடும். ஸ்மாஃப்பில் அது ஐந்தில் ஒரு பங்குதான். அதையும் 1 கிராமில் நிறுத்தினால், நாளுக்கு கிலோவுக்கு வேண்டிய 0.25 கிராம் லினோலெயிக் கிடைக்காது. கலப்பு லிப்பிட்டை 2, 3 கிராம் வரை ஏற்றித்தான் ஆக வேண்டும். உச்சவரம்பு 4.

இனி பம்ப். ஒரு கிலோ குழந்தைக்கு 3 கிராம் என்றால் 20 சதவீத லிப்பிட்டில் 15 மில்லி. 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 0.6 மில்லி. பக்கத்துப் பம்பில் குளுக்கோஸும் அமினோ அமிலமும் மணிக்கு 4 மில்லி ஓடும். இரண்டு சிரிஞ்சும் இடம் மாறினால், ஒரு நாள் கொழுப்பு நான்கு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடும். அதனால் சிரிஞ்சை மாற்றும் ஒவ்வொரு முறையும் குழாயைக் குழந்தையிலிருந்து பம்ப் வரை விரலால் தடவிப் பார்த்து, இன்னொருவரிடம் பம்பில் தெரியும் வேகத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 1.2 மைக்ரான் வடிகட்டி போடுங்கள். வெளிச்சத்தில் கொழுப்பில் பெராக்சைடு உருவாகும்; சிரிஞ்சையும் குழாயையும் மூடி வையுங்கள்.

ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 265 மில்லிகிராமைத் தாண்டினால், முதலில் ரத்தம் லிப்பிட் ஓடும் குழாயிலிருந்தே எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். அப்படியானால் அந்த முடிவை நம்ப முடியாது. உண்மையாகவே கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். கொழுப்பே போகாவிட்டால் சில நாட்களிலேயே அத்தியாவசியக் கொழுப்பமிலக் குறைபாடு தொடங்கிவிடும்.