பிரசங்க பீடம் காத்திருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மட்டக்களப்புப் பெருமக்களே, வணக்கம்.

பழம்பெரும் பாப்டிஸ்ட் சபை ஒன்றின் தலைமைப் போதகர் ஓய்வு பெறுகிறார். அடுத்தவரை உடனே அமர்த்துவதா, பொறுத்திருந்து தேடுவதா என்பது தலைப்பு. பொறுத்திருக்க வேண்டும் என்று வாதாட வந்திருக்கிறேன்.

மேய்ப்பன் இல்லாவிட்டால் மந்தை சிதறும் என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். மரண வீட்டுக்கு யார் போவது என்று அவர் கேட்டதும் நியாயமே. ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் இடைக்காலத்துக்கு வந்து திருவிருந்தும் ஞானஸ்நானமும் நடத்தலாம். சபையின் உதவிக்காரர்கள், அதாவது டீக்கன்மார், வீடு வீடாகப் போகலாம்.

நண்பர் பாப்டிஸ்ட் சபையின் அமைப்பை மறந்துவிட்டார். மெதடிஸ்த திருச்சபை தன் போதகர்களைச் சேகரம் என்னும் சபைத் தொகுதி விட்டுத் தொகுதி மாற்றும். அங்கிலிக்கன் சபைக்குப் பேராயர் இருக்கிறார். பாப்டிஸ்ட் சபைக்கு மேலே அப்படி அதிகாரம் செலுத்த ஒருவரும் இல்லை. அங்கத்தவர்கள் கூடி, ஜெபித்து, தாங்களே தீர்மானித்து அழைக்கிறார்கள். அழைப்பு தவறினால், ஒரே வாங்கில் உட்கார்ந்த குடும்பங்கள் முகம் பாராமல் போகும்.

உடனே அழைப்பதற்கு உதாரணமாக எதிரணித் தலைவர் புகழ்பெற்ற ஆங்கிலேய பாப்டிஸ்ட் பிரசங்கியார் ஸ்பர்ஜனைக் காட்டினார். இலண்டன் நியூ பார்க் ஸ்ட்ரீட் சபை 1854இல் 19 வயது இளைஞரை அழைத்தது உண்மை. ஆனால் எப்படி அழைத்தது? ஆறு மாதப் பரீட்சார்த்த காலத்துக்கு. சபையும் தானும் ஒருவரையொருவர் அறியுமுன் அவ்வளவு நாளுக்கு வாக்களிப்பது தகாது, மூன்று மாதம் வருகிறேன், சரிவராவிட்டால் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்று அந்த இளைஞரே பதில் எழுதினார். பிறகுதான் நிரந்தர அழைப்பு. 1892இல் இறக்கும்வரை அவரே அந்தச் சபையின் போதகர்.

நம் ஊருக்கு வருவோம். 1813 இறுதியில் இலங்கைக்குப் புறப்பட்ட மெதடிஸ்த மிஷனரிமார் தங்கள் தலைவர் தோமஸ் கோக்கைக் கடலிலேயே இழந்தார்கள். 1814இல் காலியில் இறங்கியவர்கள் கூடிப் பேசி ஊர்களைப் பங்கிட்டார்கள். மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் அடுத்த ஆண்டே இறந்தார். ஆனால் மேய்ப்பனை இழந்ததால் பணி சிதறிவிடவில்லை; 1814ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடக்கிறது.

ஒரு ஞாயிறு வந்து பேசுகிறவர் தம் சிறந்த பிரசங்கத்தையே கொண்டுவருவார். சபை பார்க்க வேண்டியது அவருடைய செவ்வாய்க்கிழமையை. ஆஸ்பத்திரி வார்டில் வயதான அம்மா ஒருவர் சொன்ன கதையையே மூன்றாம் முறை சொல்லும்போது அவர் கண் கைக்கடிகாரத்துக்குப் போகிறதா? முன்னைய சபையில் கணக்குப் புத்தகத்தைப் பொருளாளர் கையில் விட்டாரா, தம் மேசை லாச்சியில் பூட்டினாரா? நற்சாட்சி பெற்றவர்களைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறது அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரம். நற்சாட்சியை விசாரித்து அறிய நாள் எடுக்கும்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்லடியில் கடல் ஏறியது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது, பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். இந்த மண்ணின் போதகர் அப்படியொரு நாளில் பெற்றவர்களின் முன்னால் நிற்க வேண்டியவர். அவரை அவசரத்தில் தெரிவு செய்ய என் மனம் ஒப்பவில்லை.

எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரு கேள்வி வைக்கிறேன். இந்த மாதமே ஒருவரை அமர்த்தி, வருட முடிவில் சபை இரண்டாகப் பிளந்தால், எந்தப் பேராயரிடம் போய் இடமாற்றம் கேட்பீர்கள்?