போன் யார் கையில் இருக்கிறது?

வணக்கம்.

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, முதல் பிள்ளை. கிளினிக்கில் அவளுக்கு இரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தோம். ரிப்போர்ட் வந்தது. இரத்தம் மிகக் குறைவு, தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். அட்டையில் இருந்த நம்பருக்கு அழைத்தேன். எடுத்தது கணவர். கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை. "சரி மிஸ், சொல்லிடுறேன்" என்றார். ஆனால் வீட்டில் இருந்த ஒரே போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அவர் லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில், பக்கத்து லயத்து நண்பருக்கு எடுத்துச் சொல்ல, அந்த நண்பர் மறந்துபோக, செய்தி அவளிடம் போய்ச் சேர ஒன்பது நாள் ஆகிவிட்டது. அந்த ஒன்பது நாளும் அவள் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்திருக்கிறாள். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்த ஒரு நாளில் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுந்தது.

பிள்ளை 2 கிலோ 100 கிராமில் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனாலும் அந்த ஒன்பது நாளை என்னால் மறக்க முடியவில்லை.

நான் முப்பது வருடம் தோட்டப்புறங்களில் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் மிட்வைப் மிஸ் என்று கூப்பிடும் ஆள். போன் வழியாகக் கர்ப்பிணிகளின் உடல்நலத்தையும் மனநலத்தையும் ஆராய்கிறார்களே, அதைப் பற்றிப் பேசுங்கள் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். அந்த ஆய்வுகளைப் பற்றி நான் தேடித் தேடி வாசிப்பதற்குக் காரணமே அந்த ஒன்பது நாள்தான். எதை வாசித்தாலும் முதலில் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன். அந்த ஆய்வில் போன் யார் கையில் இருந்தது?

2017இல் அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தார் கர்ப்பிணிகளுக்காக ஒரு செயலியை வெளியிட்டார்கள். தாய்மார் தங்கள் எடை, இரத்த அழுத்தம், தூக்கம், நடை எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே அதில் பதியலாம். ஆஸ்பத்திரிக்கு யாரையும் அழைக்காமலே 2000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். இது பெரிய விஷயம். ஏனென்றால் மருந்து ஆராய்ச்சிகளில் கர்ப்பிணிகளை வெகுகாலம் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம், நியாயமான பயம்தான். ஆனால் அதனால் கர்ப்பிணியின் உடம்பைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைந்துபோனது. சும்மா இருக்கும்போது கூட கர்ப்பிணியின் நாடித்துடிப்பு மாதம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். கிளினிக்கில் மாதம் ஒரு தடவை பார்க்கிற எங்களுக்குக் கிடைப்பது ஒரு புள்ளி. கையில் கட்டும் கடிகாரம் இரவு பகலாக அளந்தால் முழுக் கோடும் தெரியும். எந்தத் தாய்க்கு அந்தக் கோடு வேறு மாதிரிப் போகிறது என்று முன்கூட்டியே பார்க்க முடிந்தால் எத்தனை உயிரைக் காப்பாற்றலாம்!

ஆனால் அந்தச் செயலி ஐபோனுக்கென்று செய்தது. சொந்தமாக ஐபோன் வைத்திருக்கிற பெண்ணின் தூக்கமும் நாடியும்தான் அந்தக் கணக்கில் இருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்து, ரொட்டி சுட்டு, தண்ணீர் பிடித்து, படங்கு கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவளின் நாடி அதில் இல்லை.

யாரைச் சேர்க்காமல் அளக்கிறோமோ அவர்களுக்குக் கருவி பிழையாகச் சொல்லும். கொரோனா காலத்தில் விரலில் மாட்டி ஒட்சிசன் பார்த்தோமே, அந்தச் சின்னக் கருவியைப் பற்றி 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. உடம்பில் ஒட்சிசன் குறைந்திருந்தும் கருவி சரியாக இருப்பதாகக் காட்டியது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நம் தோலின் நிறத்தையும், நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தையும் நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

இன்னும் ஓர் ஆய்வு. இது ஆபிரிக்காவில், சன்சிபார் தீவில் நடந்தது. 24 சுகாதார நிலையங்கள், 2550 தாய்மார். பாதி நிலையங்களின் தாய்மாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், மருத்துவிச்சியைக் கூப்பிட போனுக்குக் காசும் போட்டுக் கொடுத்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. செய்தி கிடைத்தவர்களில் 60 சதவீதம் பேர் பயிற்சி பெற்றவர் உதவியோடு பிள்ளை பெற்றார்கள், கிடைக்காதவர்களில் 47 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பிரித்துப் பார்த்தபோது, அந்த முன்னேற்றம் நகரத்துப் பெண்களிடம்தான் இருந்தது. கிராமத்துப் பெண்களிடம் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

இதை வாசித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு ரொம்ப நேரம் இருந்தேன். சன்சிபாரைப் பற்றி எழுதியிருந்தாலும் எனக்கு மஸ்கெலியாதான் தெரிந்தது. வயிற்று வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று போன் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு, மழையில், மேல் கணக்கிலிருந்து, அதாவது தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து, ரோட்டுக்கு எப்படி இறங்குவது? 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் வந்த பிறகு எத்தனையோ தாய்மார் பிழைத்திருக்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கும் முதலில் சிக்னல் வேண்டும். சில லயங்களில் மாடசாமி கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல்.

இந்தியாவில் 2016 முதல் கில்காரி என்ற திட்டம் நடக்கிறது. எழுத்து இல்லை, குரல். நாலாம் மாதத்திலிருந்து பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு அழைப்பு, மொத்தம் 72. வாசிக்கத் தெரியாத தாய்க்கும் குரல் போய்ச் சேரும், நமக்கும் அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் முறையாகச் சோதித்தபோது, தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பழக்கத்தில் மாற்றம் தெரியவில்லை, குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளில் மட்டும் சிறிய கூடுதல். அங்கேயும் பல வீடுகளில் அந்த நம்பர் கணவருடையது.

சரி, குரல் வந்துவிட்டது, போனும் அவள் கையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரல் என்ன சொல்கிறது? தமிழில் வரும் கர்ப்பகாலச் செயலிகள் சிலவற்றை என் மருமகளின் போனில் பார்த்தேன். தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறது. ஒரு நாளைக்கு 18 கிலோ, 20 கிலோ கொழுந்தை முதுகில் சுமந்து சரிவில் நிற்கிறவளுக்கு இது எதற்கு? அவளுக்குச் சொல்ல வேண்டியது வேறு. குளிர் தாங்காமல் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையில் உள்ள சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு போட்டால் பாதிப் பலன் போய்விடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள், கல்சியம் குளிசையையும் வேறு நேரத்தில் போடுங்கள், விற்றமின் சி குளிசையை இரும்புச்சத்தோடு சேர்த்தே போடுங்கள். இதை நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். எந்தப் போனும் சொல்லி நான் கேட்டதில்லை. தேயிலைக்குள்ளேயே வாழ்கிற பெண்களை நினைத்து எழுதியிருந்தால் அந்த ஒரு வரி முதல் பக்கத்தில் இருந்திருக்கும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2016ஆம் ஆண்டின் நாடளாவிய கணக்கெடுப்பில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் 32 சதவீதம். அந்தக் குறை பிள்ளை பிறந்த பிறகு தொடங்குவது இல்லை, தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, மனசு. பிள்ளை பெற்றவளின் மனநிலையை அறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று 1987இல் வந்தது. பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாளைப் பற்றி. தமிழிலும் இருக்கிறது. போனிலேயே கேட்டுவிடலாம் என்கிறார்கள். எனக்கும் விருப்பம்தான். லயக்காம்பராவில் நான் உட்கார்ந்து கேட்டால் மாமியார் பக்கத்தில் இருப்பார், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் அயல் வீடும் கேட்கும். தனியாகக் காதில் கேட்டுப் பட்டனை அழுத்தலாம் என்றால் அவள் உண்மையைச் சொல்லக்கூடும். ஆனால் அந்தப் பதில் மறுநாள் கணவர் திறக்கிற போனில் கிடந்தால்? அப்புறம், "மனஅழுத்தம் இருக்கிறதா" என்று கேட்டால் நம் பெண்கள் இல்லை என்பார்கள். "ஒண்ணும் புடிக்கல மிஸ், நெஞ்சு படபடங்குது, பிள்ளையத் தூக்கவே தோணல" என்பார்கள். அந்தச் சொற்களைத் தெரிந்தவர் கேள்வியை எழுத வேண்டும். அப்படி இருக்கிறவர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது. உங்கள் மிட்வைப் மிஸ்ஸிடமும் சொல்லலாம். அது உங்கள் குற்றம் இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் நான் போனுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். இந்த நாட்டில் 1930களில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கு மேல் தாய்மார் இறந்தார்கள். இன்று அது 30 அளவில் இருக்கிறது. வீடு வீடாகப் போன மருத்துவமாதும், அவள் கையில் இருந்த பதிவேடும் அதற்குப் பெரிய காரணம். எச் 512 என்ற அந்தக் கர்ப்பிணி அட்டை உங்கள் பெட்டியில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். ஆய்வு என்றால் அதுவும் ஆய்வுதான். அந்தப் பதிவு இப்போது மெல்ல மெல்லக் கணினிக்குப் போகிறது, போகட்டும். தோட்டத்துக்கு எல்லாமே பிந்தித்தான் வந்தது. இது மட்டும் நாமும் சேர்ந்து வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அதனால் தங்கச்சிமாரே, யாராவது டெப்லட் கணினியோடு வந்து கேள்வி கேட்டால் ஓடி ஒளியாதீர்கள். உட்கார வையுங்கள், நீங்களும் கேளுங்கள். நான் சொல்வது எங்கே போகும், யார் பார்ப்பார்கள், என் பெயர் அதில் இருக்குமா என்று கேளுங்கள். விளக்கமும் படிவமும் தமிழில் இருக்கட்டும். விருப்பமில்லை என்றால் இல்லை என்று சொல்லலாம், அதற்காகத் திரிபோஷா சத்துமாவும் நிற்காது, கிளினிக்கும் நிற்காது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் ஒரு சட்டமும் வந்திருக்கிறது. அண்ணன் தம்பிமாரே, மனைவிக்கு ஏழு மாதம் என்றால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், முடியாவிட்டால் சின்னதாக ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பெண் மூன்று வருடத்துக்குப் பிறகு இரண்டாம் பிள்ளைக்குப் பதிய வந்தாள். நம்பர் கேட்டேன். சொன்னாள். "இது யாருடைய போன் புள்ள?" என்றேன். அன்றிலிருந்து எல்லோரிடமும் அப்படித்தான் கேட்டேன், பதிலை நம்பருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன்.

"பிள்ளைக்காம்பரா அக்காவோடது மிஸ்" என்றாள். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர் அந்த அக்கா. "அவங்க காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் அங்கதான் இருப்பாங்க. பகல்ல பெரியவனுக்குப் பால் குடுக்க நான் எப்படியும் போவேன்."

அந்தத் தடவை இரத்த ரிப்போர்ட் வந்த அன்றைக்கே, பகல் சாப்பாட்டுக்கு முன்பே, அவளுக்குச் செய்தி போய்விட்டது.