டெம்பரேச்சர் முள் கீழே இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள்! | பழைய கார் ஏன் கொதிக்கிறது?

[காட்சி: டாஷ்போர்டு, டெம்பரேச்சர் முள் மட்டும் நெருக்கத்தில்]

ஏற்காடு மலை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பதினொன்றாவது வளைவில் முள் முக்கால்வாசி ஏறிவிட்டது. ஏசியை அணைத்தேன். பதின்மூன்றில் சிவப்பைத் தொட்டது. எங்காவது ஓரம் கட்டலாம் என்று இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே, முள் தானாகச் சரசரவென்று கீழே இறங்கியது. "பாத்தியா, மலைக்காத்து பட்டதும் சரியாயிடுச்சு" என்று பக்கத்தில் இருந்த மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். வாயை மூடுவதற்குள் பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது.

அந்த முள் பொய் சொல்லவில்லை. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் கொதித்து வெளியேறி, சென்சாரைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான் இருக்கிறது என்றால், அதற்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது. அதனால் முள் இறங்கும். அதாவது, இன்ஜின் சாகப்போகும் நேரத்தில் மீட்டர் 'எல்லாம் நலம்' என்று காட்டும். ஏறின முள் காரணமே இல்லாமல் இறங்கினால், அந்த நொடியே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த வீடியோவை உங்கள் வீட்டில் பழைய கார் ஓட்டும் மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பிவிடுங்கள்.

வணக்கம் மக்களே. என் வண்டி 1999 மாடல் மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. அந்தப் பயணத்துக்குப் பிறகு ரேடியேட்டர் மாற்றினேன், வாட்டர் பம்ப் மாற்றினேன், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். மூன்றுக்கும் அது மசியவில்லை. கடைசியில் என்ன கோளாறு என்று தெரிந்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அது கடைசியில் வரும். இப்போதே தள்ளிப் பார்க்காதீர்கள், நடுவில் நல்ல சரக்கு இருக்கிறது.

பாடம் ஒரே ஒரு நிமிடம். பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு வண்டியை நகர்த்துகிறது, ஒரு பங்கு புகையோடு போகிறது, மீதி, இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை வாங்கும் தண்ணீர், அதாவது கூலன்ட் தலையில் விழுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அந்த மீதிப் பங்கு மட்டும் சுமார் 35 லிட்டர் சாதாரணக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். இரண்டு பெரிய பக்கெட்! அதை ரேடியேட்டர் வழியாகக் காற்றில் தள்ளிவிடுவதுதான் மொத்த வேலையும். பாடம் முடிந்தது.

இனி மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் நீங்கள் உங்களிடமே கேட்க வேண்டிய கேள்வி. "ஏன் சூடாகிறது?" என்று கேட்காதீர்கள். "எப்போது சூடாகிறது?" என்று கேளுங்கள். சிக்னலில் நிற்கும்போதா, ஹைவேயில் போகும்போதா?

சிக்னலில் மட்டும் முள் ஏறி, வண்டி நகர்ந்து காற்று பட்டதும் இறங்குகிறது என்றால் சந்தேகம் ஃபேன் மேல். ஹைவேயில் எண்பதில் போகும்போது காற்று தானாக வந்து மோதுகிறது, ஃபேனுக்கு அங்கே வேலையே இல்லை. அப்போதும் சூடேறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு: அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப், குறைந்த கூலன்ட். மலை ஏற்றம் இரண்டும் சேர்ந்த பரீட்சை. இன்ஜின் முக்கி முக்கி உழைக்கும், காற்றோ குறைவு. எந்தப் பலவீனமும் அங்கே வெளியே வந்துவிடும்.

[காட்சி: அம்பாசிடரும் மாருதி 800-ம் பக்கத்தில் பக்கத்தில், இரண்டுக்கும் பானெட் திறந்திருக்கிறது]

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பழைய அம்பாசிடரில் ஃபேன் பெல்ட்டில் ஓடும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் ஃபேனும் வேகம், ஐட்லிங்கில் நின்றால் ஃபேனும் சோம்பேறி. அதாவது காற்று அதிகம் தேவைப்படும் சிக்னலில் குறைவாகவும், தேவையே இல்லாத ஹைவேயில் அதிகமாகவும் வீசும். நம்ம ஊர் கரண்ட் மாதிரி! அதனால்தான் அந்தக்கால டாக்சி டிரைவர்கள் டிராஃபிக்கில் நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருப்பார்கள். பெட்ரோலை வீணடிக்கிறார் என்று பின்சீட்டில் உட்கார்ந்து நாம் முணுமுணுத்திருப்போம். அவர் ஃபேனுக்கு மிதித்திருக்கிறார்.

800-இல் ஃபேன் கரண்டில் ஓடுகிறது. சூடு ஒரு அளவைத் தாண்டினால் சுவிட்ச் அதை ஓடவிடும், இன்ஜின் எந்த வேகத்தில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எவ்வளவு புத்திசாலித்தனம்! ஆனால் அம்பாசிடர் ஃபேன் நிற்க வேண்டுமானால் பெல்ட் அறுந்தாக வேண்டும். இது நிற்க ஒரு ஃபியூஸ் போதும், துருப்பிடித்த கனெக்டர் போதும், செத்த சுவிட்ச் போதும். இந்த இரண்டு வண்டிகளும் ஒரே வருடத்தில் உற்பத்தியை முடித்துக்கொண்டன என்பது தெரியுமா? 2014 ஜனவரியில் 800, அதே வருடம் மே மாதம் அம்பாசிடர். சரி, அழுகையைத் துடைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஃபேன் சோதனை எளிது. வண்டியை நிறுத்தி ஐட்லிங்கில் விட்டு, முள் பாதியைத் தாண்டும்போது ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். ஓடவில்லையா? இன்ஜினை அணைத்து, ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், சுவிட்சுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றுங்கள். இரண்டு ஒயர் என்றால் இரண்டையும் சின்ன ஒயரால் இணைத்து, ஒற்றை ஒயர் என்றால் பாடியில் தொட்டு, சாவியை ஆன் செய்து பாருங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார் நல்லது, சுவிட்ச் போய்விட்டது. இது கார்பரேட்டர் வண்டிக்கு மட்டும். எம்பிஎஃப்ஐ, அதாவது கார்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில் ஃபேனையும் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது, அங்கே இந்தக் கைவேலை வேண்டாம்.

ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் சூடு என்றால் ஒரு தினத்தந்தித் தாளை எடுத்து கிரில் முன்னால் பிடியுங்கள். தாள் உள்ளே ஒட்ட வேண்டும். வெளியே பறந்தால், யாரோ மோட்டார் மாற்றும்போது ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றி எதிர்காற்றோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. சிரிக்காதீர்கள், நடக்கும்.

ஹைவே பக்கத்துச் சந்தேகங்களை வேகமாக முடிக்கிறேன். பேட்டரி விளக்கும் எரிந்து சூடும் ஏறினால் பெல்ட் போயிற்று, ஏனென்றால் 800-இல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. சில பட்டறைகளில் வாட்டர் பாடி என்று சொல்லும் வாட்டர் பம்ப் போனால் பெரும்பாலும் ஒழுகும், அல்லது கரகரவென்று சத்தம் போடும். ரேடியேட்டர் அடைப்புக்கு முக்கியக் காரணம் நாமே: போர் தண்ணீர். உங்கள் வீட்டு ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்குள்ளும் படிகிறது. "நம்ம ஊர்ல பனியா கொட்டுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: உறையாமல் இருக்க அல்ல அப்பா, துருப்பிடிக்காமல் இருக்க. அவசரத்துக்குப் பாட்டில் தண்ணீர் ஊற்றலாம், தப்பில்லை. பத்து வருடமாக அதையே ஊற்றிக்கொண்டிருப்பதுதான் தப்பு.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. நம் ஊரில் எந்த வண்டி சூடானாலும் முதல் வைத்தியம், "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடு, நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்லை." அதற்குள் ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது. 82 டிகிரி வாக்கில் மெழுகு உருகிப் பெருத்து வால்வைத் தள்ளித் திறக்கும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, வெறும் மெழுகு! அதைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், உள்ளே தேய்மானம் கூடும். சந்தேகம் என்றால் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். கொதி வருவதற்குள் வாயைத் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது போடுங்கள். சமையல் பாத்திரத்தில் செய்தால் வீட்டில் வரும் சூட்டுக்கு நான் பொறுப்பில்லை.

[காட்சி: சமையலறை. இடது கையில் குக்கர் வெயிட், வலது கையில் ரேடியேட்டர் மூடி]

இப்போது நம் கதாநாயகன். இந்த இரண்டையும் நன்றாகப் பாருங்கள். இரண்டும் ஒரே வேலைதான் செய்கின்றன. வீட்டுக் குக்கர் வெளிக்காற்றை விடக் கிட்டத்தட்ட ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ரேடியேட்டர் மூடியின் தலையைப் பாருங்கள், 0.9 என்று போட்டிருக்கும். கிட்டத்தட்ட அதே அழுத்தம்! உங்கள் காருக்கு முன்னால் ஒரு குக்கர் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. சூடான வண்டியில் மூடியைத் திறக்காதே என்று சொல்வது இதனால்தான். திறந்த நொடி அழுத்தம் போய்விடும், 110 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் மொத்தமாகக் கொதித்து முகத்தில் பாயும். விசில் அடங்காமல் குக்கரைத் திறப்பீர்களா?

இப்போது மூடியின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று வையுங்கள். அழுத்தம் நிற்காது, தண்ணீர் சாதாரணக் கொதிநிலையிலேயே கொதிக்கும். சமவெளியில் அது 100. ஏற்காட்டின் உயரம் சுமார் 1500 மீட்டர், அங்கே 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் மோசம், 93-க்குப் பக்கம். அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பார்களே, காரணம் இதேதான். ஆனால் நம் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதே 95 டிகிரி வாக்கில்! அதாவது மூடி செத்த வண்டியில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஊட்டிக்குப் போனால், கதவு முழுதாகத் திறப்பதற்கு முன்பே உள்ளே கொதி வந்துவிடும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மூடிக்குள் இன்னொரு குட்டி வால்வும் இருக்கிறது. சூட்டில் பெருத்த கூலன்ட் ரிசர்வ் டேங்குக்குப் போகிறது இல்லையா, வண்டி ஆறியதும் அதைத் திரும்ப உறிஞ்சி ரேடியேட்டருக்குக் கொண்டு வருவது அந்த வால்வுதான். மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், ரேடியேட்டர் கூலன்ட்டுக்குப் பதில் அந்த இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். போன தண்ணீர் போனதுதான். விளைவு? ரிசர்வ் டேங்க் ததும்பும், ரேடியேட்டர் காலி. நான் தினமும் காலையில் பானெட்டைத் திறந்து, டேங்க் நிறைந்திருப்பதைப் பார்த்து, திருப்தியாக மூடிக்கொண்டிருந்தேன்!

ஆமாம் மக்களே, என் கோளாறு அதுதான். ஒரு ரேடியேட்டர், ஒரு பம்ப், மூன்று மெக்கானிக். நாலாவதாகப் போன பட்டறையில் ஒரு வயதான அண்ணன், வண்டி முழுக்க ஆறும்வரை டீ குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டார், தண்ணீர் தட்டுப்படவில்லை. மூடியைத் திருப்பிக் காட்டினார், ரப்பர் வாய்க்கால் மண் மாதிரி வெடித்திருந்தது. "புது ரேடியேட்டருக்குப் பழைய மூடியையே மாட்டிவிட்டிருக்காங்க தம்பி" என்றார். புது மூடி சில நூறு ரூபாய். முன்பு செலவான தொகையை நான் இங்கே சொல்லப் போவதில்லை, இந்த வீடியோவை என் மனைவியும் பார்ப்பாள்.

ஒரு பயம் மட்டும் பாக்கி: ஹெட் கேஸ்கெட். 800-இல் இன்ஜினின் உடம்பான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல் இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிக் கொதித்தால் ஹெட் வளைகிறது, இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட் போகிறது. காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். சோடா மாதிரி விடாமல் குமிழி வந்தாலோ, மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, செலவுக்குத் தயாராகுங்கள். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேசிங், அதாவது மட்டமாகச் சீவ வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம், ஹெட் மட்டமாக இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நடுவழியில் மாட்டினால்? ஏசியை அணையுங்கள். உங்கள் வண்டியில் ஹீட்டர் இருந்தால், சிரிக்காதீர்கள், அதை முழுதாகத் திறந்து ஃபேனையும் கூட்டுங்கள். ஹீட்டர் என்பது உங்கள் காலடியில் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். மே மாத வேலூரில் இது நரகம்தான், ஆனால் ஓரம் கட்டும்வரை இன்ஜின் தாங்கும். கொதிக்கும் நேரத்திலும் ஹீட்டரில் ஜில்லென்ற காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை அல்லது ஓடவில்லை, உடனே அணைத்துவிடுங்கள். பிறகு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவுக்கு வந்த பிறகு, தடிமனான துணியைப் போட்டு, மூடியை முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி, உஸ்ஸென்ற சத்தம் முழுக்க அடங்கட்டும்.

உங்கள் வண்டி எப்போது சூடாகிறது, சிக்னலிலா ஹைவேயிலா, அதைக் கமென்ட்டில் எழுதுங்கள். மாடலும் வருடமும் சேர்த்து எழுதினால் நல்லது. ஆனால் அதற்கு முன், நாளை காலை வண்டி ஆறியிருக்கும்போது அந்த மூடியைத் திறந்து, ரிசர்வ் டேங்கை அல்ல, ரேடியேட்டருக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.