சதுர ஓட்டை வழியே

நேயர்களுக்கு வணக்கம்.

தண்டையார்பேட்டையில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனதை விட்டுப் போகாத சினிமாக் காட்சிகளைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். பத்து நிமிஷம் என்றால் எங்கள் கணக்கில் ஆயிரம் அடி ரீல் ஒன்று. அதுவே பதினோரு நிமிஷம் ஓடும். சரி, ஒரு ரீலுக்குப் பேசிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

கேபினில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு சின்ன சதுர ஓட்டை இருக்கும். புரொஜெக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரிந்த காலத்தில் அதை அரை நிமிஷத்துக்கு ஒரு தரமாவது திருகிச் சரி செய்ய வேண்டும், இல்லையென்றால் திரை மங்கிவிடும். அதனால் ஒரு கண் விளக்கில், ஒரு கண் ஓட்டையில். அந்த ஓட்டை வழியே தெரிவது இரண்டே விஷயம். தூரத்தில் திரை, நடுவில் ஜனங்களின் பின்மண்டை. ஒரு படம் ஐம்பது நாள் ஓடினால், தினம் நாலு ஷோ, இருநூறு தடவை நான் அதைப் பார்த்தாக வேண்டும். இருபதாவது தடவைக்கு மேல் ஹீரோ கண்ணில் படமாட்டார். திரையின் ஓரத்தில் நிற்கிறவர்களைத்தான் கண் தேடும். நான் இன்றைக்குச் சொல்லப்போவது அப்படி ஓரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த ஒன்று.

நம் மனதில் தங்கிப்போன காட்சியில், பேசுகிறவரோ அடிக்கிறவரோ ஒருத்தர் இருப்பார். அதை நின்று பார்க்கிற இன்னொருத்தரும் இருப்பார். காட்சியைப் பிடித்துவைத்திருப்பது அந்த இரண்டாவது ஆள்.

1964-ல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமா எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக நாகேஷ், அப்பா பாலையாவிடம் ஒரு திகில் கதை சொல்வார். காற்று, கதவு கிறீச்சிடுவது, காலடி ஓசை எல்லாம் வாயாலேயே. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் நாகேஷ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் பழைய பிரதியில் அதை எத்தனையோ முறை ஓட்டியிருக்கிறேன். ஒரு நாள் வேண்டுமென்றே கையை நீட்டி, ஓட்டையில் பாலையா இருக்கும் பக்கத்தை மறைத்துக்கொண்டு பார்த்தேன். வினோதமாக இருந்தது. ஒரு மனிதர் உட்கார்ந்துகொண்டு வாயால் சத்தம் போடுகிறார், அவ்வளவுதான். சிரிப்பே வரவில்லை. கையை எடுத்தேன். பாலையாவின் கண் விரிகிறது, தொண்டை ஏறி இறங்குகிறது, வேண்டாம் என்கிற முகத்தோடு மேலே என்ன ஆகிறது என்று கேட்கவும் ஆசை. நமக்குச் சிரிப்பு வருவதே அவர் பயப்படுவதால்தான். அவர் வெறுமே கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு எவ்வளவு நடிப்பு வேண்டும் தெரியுமா? இந்த விஷயத்தில் பாலையாவுக்கு நாம் இன்னும் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் கட்சி.

அதே பாலையா நாலு வருஷம் கழித்து 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரர். 'மறைந்திருந்தே பார்க்கும்' பாட்டு எல்லோருக்கும் தெரியும். நாதஸ்வரக் கோஷ்டி தூண்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்று நாட்டியம் பார்க்கிறது. ஆடுகிறவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்தப் பாட்டையே எடுக்கிறாள். பத்மினியின் ஆட்டம் அபாரம், சுசீலா குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் தூணுக்குப் பின்னால் சிவாஜி இல்லாவிட்டால் அது ஒரு நல்ல கச்சேரியாகப் போயிருக்கும். பார்க்கக் கூடாது என்ற வீம்போடு வந்து பார்க்கிறவரின் முகம் இருப்பதால் காட்சியாகிவிட்டது.

ரஷ்யாவில் லெவ் குலஷோவ் என்றொரு டைரக்டர், நூறு வருஷத்துக்கு முன்னால், ஒரு நடிகரின் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தாராம், அப்புறம் சவப்பெட்டிக்குப் பக்கத்தில். பசியை எப்படிக் காட்டினான், துக்கத்தை எப்படிக் காட்டினான் என்று ஜனங்கள் மெச்சினார்களாம். இதைப் பின்னாளில் எங்கோ படித்தபோது, 'நம்ம கேபினுக்கு வந்திருந்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்திருக்கும்' என்று நினைத்துக்கொண்டேன்.

'பாட்ஷா' வந்தது 1995 பொங்கலுக்கு. எங்கள் பக்கத்துக் கூட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவர்கள், மில் ஷிப்ட் முடித்தவர்கள், செகண்ட் ஷோ விட்டதும் நேராக காசிமேட்டுக்குப் போய்ப் படகு ஏறுகிறவர்கள். பாதிப் பேர் தரை டிக்கெட். மாணிக்கம் கம்பத்தில் கட்டப்பட்டு அடி வாங்கும்போது அவர்கள் திரையைத் திட்டினார்கள். முதல் நாள் ஒருத்தர் எழுந்து நின்று, "திருப்பி அடி நைனா!" என்று கத்தினார். அப்புறம் மாணிக்கம் தம்பியைப் பார்த்துச் சொல்கிற அந்த 'உள்ளே போ'. அங்கே விசில் வந்தது என்று நினைப்பீர்கள். வந்தது, ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. ஒரு கணம் அரங்கம் மூச்சுவிடவில்லை. சாதுவான அண்ணன் என்று நம்பியிருந்த வீட்டார் முகத்தில் என்ன திகைப்போ, அதே திகைப்பில் இவர்களும் நின்றுவிட்டார்கள். பின்மண்டைகள் அசையாமல் இருந்தன. அதன் பிறகு வந்த சண்டை எனக்கு நினைவில் இல்லை. பின்மண்டைகள் நினைவிருக்கின்றன.

'பராசக்தி' நீதிமன்றக் காட்சி மட்டும் என் கணக்குக்குள் வர மறுக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். அங்கே நீதிபதி இருக்கிறார், கூட்டம் இருக்கிறது, யாரையும் எனக்கு ஞாபகமில்லை. 1952-ல் வந்த அந்தக் காட்சி காது வழியாக நின்றது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அந்த வசனம் ஓடாத தெரு எங்கள் பக்கம் கிடையாது. படத்தையே பார்க்காத பையன்கள் தெருமுனையில் நின்று மூச்சுப் பிடித்துச் சொல்வார்கள்.

சரி, என் கட்சிக்கு மிகவும் வலுவான காட்சிக்கு வருகிறேன். பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை', 1982. கடைசியில் கேத்தி ரயில் நிலையம், மழை. நினைவு திரும்பிய ஸ்ரீதேவி ரயிலில் உட்கார்ந்திருக்கிறார். கமல், அவள் குழந்தை மாதிரி இருந்தபோது அவளுக்காக ஆடிக் காட்டிய குரங்காட்டத்தை மறுபடி பிளாட்பாரத்தில் ஆடுகிறார். இங்கேயும் பார்க்கிற ஆள் இருக்கிறாள். பார்க்கிறாள், ஆனால் தெரியவில்லை. யாரோ பிச்சைக்காரன் என்று ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தை எறிகிறாள். அவள் தெரிந்துகொள்ளாததை நாம் தெரிந்துகொண்டு, சொல்ல முடியாமல் நாற்காலியில் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் படத்தின் பழைய பிரதி ஒன்று மறுவெளியீட்டில் எங்களிடம் வந்தது. விநியோகஸ்தர் ஆபீஸ்கள் இருந்த மீரான் சாயபு தெருவில் படப்பெட்டி எடுக்கும்போதே எனக்குச் சந்தேகம். ஓரமெல்லாம் கிழிந்து, ஊர் ஊராகச் சுற்றிய களைப்பு அதில் தெரிந்தது. போதாததற்கு ஒரே பிரதியை இரண்டு தியேட்டரில் ஓட்டினார்கள். இங்கே ஓடி முடித்த ரீலைப் பையன் சைக்கிளில் வைத்து வண்ணாரப்பேட்டைக்கு மிதிப்பான். மூன்றாவது நாள் மேட்னியில், சரியாக அந்த ரயில் நிலையத்தில், படம் அறுந்தது. கீழே ஒரே கூச்சல். கத்தரித்து, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி, ஒட்டி ஓட்டினேன். கிட்டத்தட்ட பன்னிரண்டு அடி போயிற்று. எட்டு நொடி. அந்த எட்டு நொடியில்தான் பொட்டலம் இருந்தது.

ஷோ விட்டதும் ஒருவர் கேபின் படியேறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று பயந்தேன். கண் சிவந்திருந்தது. "ஆபரேட்டரே, அந்தப் பொட்டலத்தத் தூக்கிப் போட்டா பாரு, அங்கதான் தாங்க முடியல" என்றார். பொட்டலம் என் மேசைக்குக் கீழே குப்பைக்கூடையில் கிடந்தது! முதல் வெளியீட்டில் பார்த்திருப்பார் போலிருக்கிறது. திரையில் இல்லாததை அவரே போட்டுக்கொண்டார். நான் மறுக்கவில்லை, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். அன்று செகண்ட் ஷோவுக்கு அந்தத் துண்டைத் திரும்ப எடுத்து ஒட்டப் பார்த்தேன். பற்சக்கரத் துளைகள் கிழிந்திருந்ததால் முடியவில்லை. அந்தத் துண்டு இன்றும் என் வீட்டில் ஒரு பவுடர் டப்பாவுக்குள் இருக்கிறது. நிறம் சிவப்பேறிவிட்டது.

என் மனைவியைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் குடியிருந்தது தியேட்டரின் பின்சுவரை ஒட்டிய சந்தில். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர், அதற்குப் பின்னால் சுவர், சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுப்பு. அவள் நாலு ஷோவையும் கேட்டுக்கொண்டே சமைப்பாள். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்பது மாதிரிதான். எந்த வசனத்துக்கு உலை கொதிக்கும், எந்தப் பாட்டுக்குள் சாதம் வடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கு. ஆனால் உள்ளே வந்து பார்த்த படங்கள் குறைவு. கைக்குழந்தையோடு எங்கே வருவாள்?

'நாயகன்' 1987 தீபாவளிக்கு வந்தது. அதன் கடைசியில் பேரன் தாத்தாவைப் பார்த்துக் கேட்கிற கேள்வி உங்களுக்குத் தெரியும். "நீங்க நல்லவரா, கெட்டவரா?" கொஞ்சம் இடைவெளி. அப்புறம், "தெரியலையேப்பா". அதைச் சுவர் வழியாக எத்தனையோ நாள் கேட்டிருக்கிறாள். அந்த இடம் வந்தால் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாளாம்.

பல வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் அந்தப் படம் போட்டார்கள். அந்தக் காட்சி வந்தது. நான் பழக்கதோஷத்தில் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் கேட்டான். கமல் பதில் சொன்னார். அவள் முகத்தில் ஒன்றும் ஆகவில்லை.

"என்ன, பிடிக்கலையா?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டதுல அந்தப் புள்ள இன்னும் சின்னவனா இருந்தான்" என்றாள்.

நன்றி, வணக்கம்.