‘ஒரு குவார்ட்டர்தானே’ என்பவர்களுக்காக அளந்து காட்டுகிறேன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மாடித் தோட்டம் கிடையாது. ஒரு வாரமாக எனக்குக் கோபம் ஆறவில்லை. அதைப் பேசிவிடுகிறேன்.

எங்கள் உறவில் ஒருவர். பெயரும் ஊரும் வேண்டாம். நல்ல உத்தியோகம், வீட்டுக் கடன் தவணை தவறியதே இல்லை, அதிர்ந்து பேச மாட்டார். வண்டி சறுக்கிக் கால் எலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருக்கிறார். எறும்பே இல்லை. குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். தலையில் அடிபட்டிருக்குமோ என்று எல்லோரும் பதற, மருத்துவர் கேட்டது ஒன்றுதான்: “தினமும் எவ்வளவு குடிப்பார்?” அக்கா சொன்னார்: “ராத்திரி ஒரு குவார்ட்டர்தான் டாக்டர். ஒருநாள்கூட ஆபீஸுக்கு லீவு போட்டதில்லை.”

லீவு போடாத இந்தப் பெருமை எனக்கு ஆகவே ஆகாது! அந்தக் குவார்ட்டரை அளந்து பார்த்தே தீருவது என்று கிளம்பிவிட்டேன்.

அளவுக் குவளை வாங்கிய கதையைக் கேளுங்கள். பிளாஸ்டிக் எனக்குப் பிடிக்காது, பழைய நேயர்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடையில் கண்ணாடிக் குவளை 260 ரூபாய். அதிலும் அளவுக் கோடுகள் நகத்தால் சுரண்டினால் உரிந்து வருகின்றன! வேண்டாம் என்று பாரிமுனைக்கே போய்விட்டேன். ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் 190 சொன்னார்கள். அழுத்தமான கோடுகள், கனமான அடிப்பாகம். பேரம் பேசி 150-க்கு முடித்தேன், பாட்டில் கழுவும் பிரஷையும் சேர்த்து வாங்கிவிட்டேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு அந்தச் சந்தோஷம்தான்.

சரி, இதோ கழுவி வைத்த காலி பாட்டில். உள்ளே தண்ணீர்தான். 30 மில்லி, 60, 90... பாருங்கள், ஆறு முறை ஊற்றியாயிற்று. 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 61 கிராம் சுத்தமான ஆல்கஹால். ஒரே வேளையில் 60 கிராமைத் தொட்டாலே அதை அளவுமீறிய குடியாகத்தான் உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கிறது. இவர் அதைத் தினமும் செய்திருக்கிறார்.

தள்ளாடவே மாட்டாரே என்கிறார்கள். உடம்பு அந்த அளவுக்குப் பழகிவிட்டது, அதனால்தான் தள்ளாடவில்லை. பழகிய மூளைக்குத் திடீரென்று சாராயம் நின்றதும் கட்டுக்கடங்காத பரபரப்பு. இரண்டு மூன்று நாளுக்குள் நடுக்கம், பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது எல்லாம் வரலாம். படுக்கையில் விழுந்த பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிகிறது.

வீட்டில் கவனிக்க வேண்டுமா? அக்டோபர் 1-ஆம் தேதி பாருங்கள். மறுநாள் காந்தி ஜெயந்தி, கடை இருக்காது. முதல் நாளே வாங்கிப் பத்திரப்படுத்துகிறாரா? இரவு பத்து மணிக்குக் கடை மூடுமே என்று விருந்திலிருந்து பாதியில் எழுந்து போகிறாரா? இதற்கெல்லாம் சம்பளத் தேதி, வருகைப் பதிவேடு எதுவும் சாட்சி சொல்லாது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இதைக் கேட்டுவிட்டு இன்றிரவே பாட்டிலைப் பறித்துக் கொட்டிவிடாதீர்கள்! பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் பார்வையில், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணும் இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் தேறிவிட்டார், சிகிச்சைக்கும் சம்மதித்திருக்கிறார். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை என்றால், தினமும் எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதைச் சேர்க்கும்போதே மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உறவுக்காரர்கள் பக்கத்தில் நின்றால் வெளியே அனுப்பிவிட்டுச் சொல்லுங்கள்.