கிரயமா, குத்தகையா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலூரிலிருந்தும் காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கங்களிலிருந்தும் வந்து இந்த மன்றத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தம்பி தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். ‘எப்போதும் இணையத்தை நாடும் வீடியோ விளையாட்டுக் கருவிகளால் நுகர்வோருக்குக் கிடைத்தது வசதியா, நேர்ந்தது உரிமை இழப்பா?’ என்ற தலைப்பில், உரிமை இழப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

என் தந்தையார் முப்பது ஆண்டுகள் குடியாத்தத்தில் பத்திரம் எழுதியவர். சிறு வயதில் அவர் அருகில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்ட சொற்கள் கிரயம், குத்தகை, போக்கியம், வாடகை ஆகிய நான்கும். கிரயப் பத்திரத்தின் முடிவில் அவர் எழுதும் வாசகம் இன்றும் என் காதில் இருக்கிறது: ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விற்கிரயங்களுக்கு உரிமையுடன், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது.’ அதாவது, வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், தானம் தரலாம், வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம். விற்றவர் இனி அதில் தலையிட முடியாது. குத்தகை என்றால் தொகை குறைவு, காலக்கெடு உண்டு. போக்கியம் என்றால் கெடு முடிந்ததும் கொடுத்த பணம் திரும்பி வரும். இன்று விளையாட்டுக் கருவிக்காகவும் அதில் ஓடும் விளையாட்டுக்காகவும் நாம் செலுத்துவது கிரயத் தொகை. நமக்குக் கிடைப்பதோ கெடு குறிக்காத குத்தகை. போக்கியத்துக்கு உள்ள நியாயம்கூட அதில் இல்லை, ஏனென்றால் பறிக்கப்படும் நாளில் பணம் திரும்பி வருவதற்கு உறுதி எதுவும் கிடையாது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

2013ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் கருவியை அறிவித்தது. அதை ஒட்டி வெளியிடப்பட்ட நிபந்தனைகளின்படி அந்தக் கருவி 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இணையத்தின் வழியே நிறுவனத்தின் சர்வர் என்னும் மையக் கணினியிடம் தன் கணக்கை ஒப்பிக்க வேண்டும். தவறினால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையில் இருந்தாலும் விளையாட்டு திறக்காது. நண்பனுக்கு இரவல் கொடுப்பதற்கும் பழைய டிஸ்க்கை விற்பதற்கும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, அவர்களுக்காக முந்தைய தலைமுறைக் கருவியான எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது என்ற பொருளில் அந்தப் பிரிவின் தலைவர் பதில் சொன்னார். வாங்குபவர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஜூன் மாதமே சோனி நிறுவனம், தன் புதிய கருவியில் பிறர் ஆடிவிட்டு விற்ற டிஸ்க்குகளும் ஓடும், இணையச் சோதனை இருக்காது என்று மேடையேறி அறிவித்துக் கைத்தட்டல் பெற்றது. ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் தன் நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு மாதம்கூடத் தாங்காத அந்தத் திட்டத்தை இன்று ஏன் பேச வேண்டும் என்று எதிரணித் தோழி கேட்டார். முன்வாசல் வழியாக வந்தபோது தடுக்கப்பட்ட அதே திட்டம், கொல்லைப்புறம் வழியாக ஒவ்வொரு துண்டாக உள்ளே வந்துவிட்டது என்பதே என் பதில்.

டிஸ்க் போடும் இடமே இல்லாத கருவிகள் 2019இல் எக்ஸ்பாக்ஸிலும் 2020இல் சோனியின் பிளேஸ்டேஷனிலும் கடைக்கு வந்தன. 2024 நவம்பரில் வெளிவந்த விலை உயர்ந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில்கூட டிஸ்க் டிரைவ் இல்லை. அதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும், பொருத்திய பின் முதல் முறை இணையத்தின் வழியே அனுமதியும் பெற வேண்டும். 2025 ஜூனில் நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 கருவி வந்தபோது ‘கேம் கீ கார்டு’ என்ற ஒன்று கூடவே வந்தது. அட்டை கையில் இருக்கும்; அதற்குள் விளையாட்டு இருக்காது, அதைப் பதிவிறக்கிக்கொள்ளும் சாவி மட்டுமே இருக்கும். நம் ஊர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலை நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தின் சிற்பங்களைக் காண எங்கிருந்தோ எல்லாம் வந்தார்கள், ஆனால் 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்யும் வரையில் கருவறை வெறுமையாகவே கிடந்தது. வெறும் கருவறை முன்னால் நின்றவர்களின் ஏக்கம் இந்த ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். பெட்டியும் அட்டையும் படமும் இருந்து உள்ளே பொருள் இல்லாத ஒன்றை முழு விலைக்கு விற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் காலத்துக் கோயில்தான் நினைவுக்கு வருகிறது.

‘இப்போது எங்கேதான் இணையம் இல்லை?’ என்று எதிரணியின் முதல் பேச்சாளர் கேட்டார். என் அக்கா மகன் அணைக்கட்டுக்கு அப்பால், ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறான். கல்லூரி முடிந்த மாலைகளில் ஒரு கைபேசிக் கடையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய கருவி ஒன்றை வாங்கினான். பிறகு ஏறக்குறைய 4,000 ரூபாய் கொடுத்து ஒரு புது டிஸ்க் வாங்கினான். டிஸ்க்கைப் போட்டதும் 60 ஜிபிக்கு மேல் பதிவிறக்க வேண்டும் என்று திரையில் வந்தது. அவன் கைபேசித் திட்டத்தில் ஒரு நாளைக்குக் கிடைப்பது 1.5 ஜிபி. வேறு எதற்கும் இணையத்தைத் தொடாமல் இருந்தால்கூட 40 நாள் ஆகும். கடைசியில் அந்தக் கருவியைத் துணிப்பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, பேருந்தில் சத்துவாச்சாரியில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். இரவு முழுக்கப் பதிவிறக்கினோம். அவன் உறங்கவே இல்லை, சதவீதக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். சில மாதம் கழித்துத் தள்ளுபடியில் இணையக் கடையிலேயே இன்னொரு விளையாட்டை வாங்கி, அதே போல என் வீட்டில் பதிவிறக்கி எடுத்துப் போனான். இரண்டு வாரத்தில் அதன் படத்தின் மேல் பூட்டுக் குறி விழுந்தது. உரிமத்தை, அதாவது ஆடுவதற்கான அனுமதியை, சரிபார்க்க இணையத்தில் இணையுமாறு செய்தி வந்தது. சிக்னல் கிடைப்பது மொட்டை மாடியில் மட்டும். கைபேசியை மாடியில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, கருவியை மாடிப்படிக்குக் கொண்டுவந்து பூட்டைத் திறந்தான். தன் பணத்தில் வாங்கிய பொருளைத் தன் வீட்டில் பயன்படுத்த ஒரு பிள்ளை ஏன் இப்படி அனுமதி கேட்டு நிற்க வேண்டும்? அந்த நிறுவனத்தின் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. வழக்கு ஒரு நிறுவனத்தோடு முடிவதாக இல்லை என்பதே காரணம்.

நம் பக்கம் இணையம் சரியாக இருந்தாலும் அவர்கள் பக்கம் சர்வர் நிற்க வேண்டும் அல்லவா? 2011 ஏப்ரலில் ஊடுருவல் காரணமாகப் பிளேஸ்டேஷன் வலையமைப்பு ஏறக்குறைய 23 நாள் மூடிக் கிடந்தது, 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் ஆபத்துக்கு உள்ளாயின. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டி, ஒருவர் தனியாக நகரம் கட்டி ஆடும் விளையாட்டாக இருந்தும், எப்போதும் இணையம் வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. முதல் நாளிலிருந்தே சர்வர்கள் திணறின, பணம் கொடுத்தவர்கள் நாள் கணக்கில் வாசலில் காத்திருந்தார்கள். இணையம் இல்லாமல் ஆட வைப்பது பெரும் பொறியியல் வேலை என்று முதலில் சொன்ன அதே தயாரிப்பாளர்கள், 2014 மார்ச்சில் இணையமின்றி ஆடும் வசதியை வெளியிட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் பாதித்தது ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டுக்கு நேர்ந்த கதி. யூபிசாஃப்ட் நிறுவனம் அதை 2014இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி வரைந்த சாலைகளில் ஒருவர் தனியாகவே ஓட்டிப் போகலாம். ஆனாலும் சர்வரோடு இணைந்தே ஓட வேண்டும் என்று அமைத்திருந்தார்கள். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வர் அணைக்கப்பட்டது. அன்றோடு டிஸ்க் வைத்திருந்தவர், இணையத்தில் வாங்கியவர், ஒன்பது ஆண்டு ஆடியவர், முந்தின ஆண்டு வாங்கியவர் என்று எல்லோரிடமும் அது செத்த பொருளாகிவிட்டது. சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. புத்தகக் கடை மூடினால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகம் வெள்ளைத்தாள் ஆவதில்லை. இங்கே அதுதான் நடந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு, அந்த வரிசையின் அடுத்த விளையாட்டுகளுக்கு இணையமின்றி ஆடும் வழி செய்து தருவதாக அதே ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது. ஆகவே, தொழில்நுட்பத்தால் முடியாது என்ற எதிரணி வாதத்துக்கு நான் பதில் தேட வேண்டிய தேவை இல்லை. முடியும் என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

எதிரணியின் வலுவான வாதம் திருட்டு நகல் பற்றியது. உழைத்துச் செய்தவருக்குப் பணம் சேர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பூட்டை உடைத்துத் திருட்டு நகல் எடுத்தவனின் வீட்டில் எந்தச் சோதனையும் நடப்பதில்லை. மாடிப்படியில் கருவியை ஏந்தி நிற்பவன் காசு கொடுத்து வாங்கியவன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: நூறு பேர் ஒரே களத்தில் மோதும் விளையாட்டுக்குச் சர்வர் தேவைதான், ஏமாற்றி ஆடுபவர்களைத் தடுக்கவும் அது வேண்டும். மாதச் சந்தா கட்டி ஆடுவதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அது வாடகை என்று சொல்லி வாங்கும் வாடகை, அதில் நேர்மை இருக்கிறது. தனியாக ஆடும் விளையாட்டுக்கு, முழு விலையும் வாங்கிய பிறகு, ‘வாங்கு’ என்று பொத்தானில் எழுதிவிட்டு, பத்துப் பக்க நிபந்தனையின் அடியில் ‘இது உரிமம் மட்டுமே’ என்று ஒளித்து வைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

2023 டிசம்பரில், பிளேஸ்டேஷன் கடையில் பணம் கொடுத்து ‘வாங்கப்பட்ட’ டிஸ்கவரி நிகழ்ச்சிகள் அந்த மாத இறுதியோடு வாடிக்கையாளர்களின் சேமிப்பிலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு வலுத்த பின் அது நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தகைய அனுபவங்களைப் பார்த்துத்தான் கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. உரிமம் மட்டுமே தருவதாக இருந்தால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாகப் பதிவிறக்கி இணையமின்றிப் பயன்படுத்தக் கூடிய பொருளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கிரயத்துக்கும் குத்தகைக்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சட்டம் சரியாகப் பிடித்துவிட்டது என்று பத்திர எழுத்தர் வீட்டில் வளர்ந்த நான் நினைக்கிறேன்.

நம் நாட்டிலும் வழி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனையை, ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்கான அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 4,000 ரூபாய் விளையாட்டுக்காகக் குடியாத்தத்துப் பிள்ளை சென்னை ஆணையத்தில் எப்போது வழக்குப் போடப் போகிறான்? ஆகவேதான் இது தனி ஒருவரின் புகாராக நிற்காமல் பொதுக் கோரிக்கையாக வேண்டும் என்கிறேன்.

கடைசியாக, ‘இளைஞர்களே இதைப் பற்றிக் கவலைப்படவில்லை’ என்றார் எதிரணித் தலைவர். ‘தி க்ரூ’ அணைக்கப்பட்டதை ஒட்டி, விற்ற விளையாட்டை ஆட முடியாத நிலையில் விட்டுவிடக் கூடாது என்று ஓர் இயக்கம் தொடங்கியது. அது ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்வைத்த குடிமக்கள் மனுவில் 2025 ஜூலை முடிவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். அவர்கள் கேட்பது இலவசத்தையோ முடிவில்லாத பராமரிப்பையோ அல்ல. நிறுவனம் விலகிக்கொள்ளும் நாளில், வாங்கியவன் கையில் ஓடக்கூடிய நிலையில் பொருளை விட்டுச் செல்ல வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை.

நடுவர் அவர்களே, என் அணி உங்களிடம் வேண்டுவதும் அதுவே. தனியாக ஆடும் விளையாட்டு இணையமின்றி ஓட வேண்டும். சர்வரை அணைக்கும் முன் கடைசிப் பதிப்பை வாங்கியவரிடம் ஒப்படைக்க வேண்டும். டிஸ்க் என்று விற்றால் அதற்குள் விளையாட்டு இருக்க வேண்டும். இவற்றைச் செய்ய மனமில்லாத நிறுவனம், பொத்தானில் உள்ள ‘வாங்கு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘குத்தகை’ என்று எழுதி, கெடுவையும் அதற்குத் தக்க தொகையையும் குறிக்கட்டும். என் அக்கா மகன் படிக்கத் தெரிந்தவன். படித்துப் பார்த்து, எடுப்பதா வேண்டாமா என்று அவனே முடிவு செய்துகொள்வான். வணக்கம்.